‘உண்மை’ எனத் தலைப்பிட்ட ஒரு பக்கம்

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் வகுப்பு முடியும் வேளையில், பதினைந்து வயது மாணவி ஒருத்தி எழுந்து நின்று, “ரீச்சர், கொப்பர்நிக்கஸைத் திருச்சபைதானே கொலை செய்தது?” என்று வினவினாள். அன்றைய பாடத்துக்கும் அந்த வினாவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. “இல்லைப் பிள்ளை, அவர் எழுபது வயதிலே நோயுற்றுப் படுக்கையில் இறந்தார்” என்றேன். அவள் விடவில்லை. புத்தகப் பையைத் திறந்து, தலையணை போன்ற தடித்த நூலொன்றை எடுத்து ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். ஜேர்மன் மொழியில் அச்சாகியிருந்த அந்நூலில், விஞ்ஞான ஆய்வுகூடமொன்றின் பணிப்பாளர் அவ்வாறே கூறுகிறார். “இது கதைப் புத்தகமல்லவா?” என்றேன். உடனே அவள் நூலின் முன்பக்கத்துக்குச் சென்றாள். அங்கே ‘உண்மை’ என்ற தலைப்பில் தனியாக ஒரு பக்கம் இருந்தது. வகுப்பறையில் முப்பது ஆண்டுகளுக்கு அண்மித்த அனுபவம் உடையவள் நான். ஆயினும் அவ்வேளை உடனே விடையிறுக்க இயலவில்லை.

அந்நூல் அமெரிக்க எழுத்தாளர் டான் பிறவுண் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஏஞ்சல்ஸ் அன்ட் டீமன்ஸ்’ என்னும் நாவலாகும். ‘தேவதூதர்களும் பேய்களும்’ என்று அதனைத் தமிழில் கூறலாம். ஜேர்மன் மொழியில் ‘இலுமினாட்டி’ என்ற பெயரில் 2003 இல் வெளியானது. அதே ஆண்டில் இவரது ‘டாவின்சி கோட்’ உலகெங்கும் பெரும் பரபரப்பை உண்டாக்கியதன் பின்னரே இந்த முந்திய நூலையும் மக்கள் தேடிப் படித்தனர். 2009 இல் ரொம் ஹாங்ஸ் நடித்துத் திரைப்படமாகவும் வந்தது. இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னரும் இங்குள்ள நூலகங்களில் அது ஓயாமல் கைமாறிக்கொண்டிருக்கிறது. எமது பிள்ளைகள் விரும்பிப் படிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கதை தொடங்குவது எமக்குப் புகலிடம் தந்த இந்தச் சுவிற்சர்லாந்திலேதான்.

ஜெனீவாவின் புறநகரான மெய்ரனில், பிரெஞ்சு எல்லையோரமாக அமைந்திருக்கும் சேர்ன் என்ற அணுத்துகள் ஆய்வுகூடத்தில் ஒரு பௌதிகவியலாளர் கொலையுண்டு கிடக்கிறார். அவர் விஞ்ஞானி மாத்திரமல்லர். ஒரு குருவானவரும் கூட. அவருடைய மார்பிலே ‘இலுமினாட்டி’ என்ற சொல் காய்ச்சிய இரும்பினால் சூடு வைக்கப்பட்டிருக்கிறது; தலைகீழாகப் பிடித்தாலும் அதே சொல்லாக வாசிக்கத்தக்க எழுத்தமைப்பு. அவர் ஆக்கி வைத்திருந்த கால் கிராம் எதிர்ப்பொருள் களவு போய்விட்டது. அது வத்திக்கானில் எங்கோ ஒளித்து வைக்கப்பட்டு நள்ளிரவில் வெடிக்கவிருக்கிறது. அங்கோ பாப்பரசர் காலமாகி, புதியவரைத் தெரிவு செய்யக் கர்தினால்மார் கூடியிருக்கின்றனர். அவர்களுள் நால்வர் கடத்தப்பட்டு, மணிக்கு ஒருவராக, மண், காற்று, தீ, நீர் என்ற நான்கு பூதங்களின் பெயரால் கொல்லப்படுகின்றனர். ஹார்வார்ட் பேராசிரியர் ஒருவரும் இறந்த விஞ்ஞானியின் வளர்ப்பு மகளும் உரோமாபுரியின் தேவாலயங்களிலும் நீரூற்றுகளிலும் தடயந் தேடி ஓடுகின்றனர். எல்லாம் ஒரே நாளில். குற்றவாளி யாரென்பதை இங்கே எழுதினால் வாசகர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள்.

மாணவியிடம் இரவல் வாங்கினேன். என் ஜேர்மன் அறிவு நாவல் படிக்கப் போதாது என்பதால் நூலகத்தில் ஆங்கில மூலத்தையும் எடுத்துக்கொண்டேன். இரண்டு இரவுகளில் முடித்துவிட்டேன் என்பதை ஒளிக்காமற் சொல்லவேண்டும். அத்தியாயந்தோறும் கதவொன்று சாத்தப்படும் சத்தம் கேட்கிறது. அடுத்த அத்தியாயத்தைத் திறக்காமல் விளக்கை அணைக்க மனம் வராது. இலக்கிய நயம் தேடுவோர்க்கு ஏமாற்றமே. பாத்திரங்கள் ஓடுகின்றன, விரிவுரை நிகழ்த்துகின்றன, மீண்டும் ஓடுகின்றன. ஆனால் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையை பெர்னினியின் சிற்பங்களையும் கலிலியோவின் நூல்களையும் தேடவைத்த பெருமை இந்நூலுக்கு உண்டு. எனது வரலாற்றுப் பாடங்கள் எத்தனை பிள்ளைகளை அப்படித் தேட வைத்தன என்று எண்ணிப் பார்த்தேன். மேலும் எண்ணாமல் விட்டுவிட்டேன்.

எனவே குறை கற்பனையில் இல்லை. நாவலாசிரியன் எதனையும் புனையலாம். அது அவன் தொழில். குறை அந்த முன்பக்கத்தில் இருக்கிறது. எதிர்ப்பொருள் பற்றிய செய்திகள் உண்மை என்று அங்கே கூறப்படுகிறது. உரோமாபுரியின் கலைப்படைப்புகள், கல்லறைகள், சுரங்கங்கள் யாவும் உண்மை என்றும், இலுமினாட்டி என்ற சகோதரத்துவ இயக்கமும் உண்மையே என்றும் அதையடுத்த குறிப்பு கூறுகிறது. இவ்வாறு சத்தியக் கடதாசி ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கதையைத் தொடங்கினால், பின்னர் வரும் எதனை நம்புவது, எதனை விடுவது என்று பிள்ளை எவ்வாறு அறியும்?

எம்மவர்க்கு இது வெறும் இலக்கிய விவகாரம் அன்று. ‘உண்மை’ என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிடுவதன் பாரத்தை எம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? அகதி விண்ணப்ப விசாரணையில், வீட்டை விட்டு வெளியேறியது எந்தத் திகதி, வெள்ளியா சனியா, முதலில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று மணிக்கணக்காகக் கேட்கப்பட்டவர்கள் நாம். முதல் விசாரணையில் சொன்னதற்கும் இரண்டாவதில் சொன்னதற்கும் இடையே ஒரு கிழமை வேறுபட்டதால், நடந்தது அனைத்துமே கட்டுக்கதையெனத் தள்ளப்பட்ட குடும்பங்களை நான் அறிவேன். கேட்டறிந்ததையும் கண்டறிந்ததையும் கலந்து சொன்னதன் விலை அது. நாவலாசிரியரை எவரும் மேசைக்கு முன் இருத்திக் கேள்வி கேட்பதில்லை. ஆகவே நாமே கேட்டுப் பார்ப்போம் என்று அந்த மாணவியிடம் கூறினேன். அவள் ஒரு கொப்பியை எடுத்து, ‘உண்மை’, ‘கற்பனை’, ‘தீராதது’ என்று மூன்று பத்திகள் கீறிக்கொண்டாள்.

இலுமினாட்டியில் இருந்து தொடங்கினோம். அப்படியொரு இயக்கம் இருந்தது என்பது மெய்யே. ஆனால் அது நாவல் கூறுவதுபோல் பதினாறாம் நூற்றாண்டில் உரோமாபுரியின் விஞ்ஞானிகள் கூடி அமைத்ததன்று. ஜேர்மனியின் பவேரியாவில், இங்கோல்ஸ்ரட் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் கற்பித்த அடம் வைஷவுப்ற் என்ற பேராசிரியர் 1776 மே 1 ஆம் திகதி ஒரு சில மாணவர்களுடன் தொடங்கியது. மூடநம்பிக்கையையும் அரசியலில் குருமாரின் செல்வாக்கையும் எதிர்ப்பது அதன் நோக்கம். பவேரிய ஆட்சியாளர் 1784 இலும் 1785 இலும் பிறப்பித்த தடையாணைகளுடன் அதன் கதை முடிந்தது. பத்தாண்டு கூட நிலைக்காத சங்கம்! நாவலில் அதன் தலைமகனாக வரும் கலிலியோ 1642 இல் இறந்துவிட்டார். அதாவது, சங்கம் பிறப்பதற்கு 134 ஆண்டுகளுக்கு முன்னரே. கழித்தற் கணக்குத் தெரிந்த பிள்ளைக்கு இதில் ஐயம் எழ வழியில்லை.

கொப்பர்நிக்கஸ் போலந்து நாட்டின் பிறம்போர்க் பேராலயத்தைச் சார்ந்த திருச்சபை அலுவலர். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற தமது நூலை அவர் பாப்பரசர் மூன்றாம் பவுலுக்கே சமர்ப்பித்தார். நூல் வெளியான 1543 ஆம் ஆண்டிலேயே காலமானார். அவரைத் திருச்சபை கொல்லவில்லை. ஆனால் 73 ஆண்டுகள் கழித்து, 1616 இல், திருத்தம் செய்யும் வரை படிக்கலாகாது என்று அவருடைய நூலைத் தடுத்தது. ஜியோர்டானோ புருனோவை 1600 பெப்ரவரி 17 ஆம் திகதி உரோமாபுரிச் சந்தைச் சதுக்கத்தில் உயிரோடு எரித்ததும் மெய். அவர் மீதான குற்றச்சாட்டுகளிற் பெரும்பாலானவை வானியல் பற்றியவை அல்ல, சமயக் கோட்பாடு பற்றியவை. கலிலியோவை 1633 இல் அறுபத்தொன்பது வயதில் முழந்தாளிட வைத்துத் தமது கொள்கையை மறுதலிக்கச் செய்ததும், இறக்கும்வரை வீட்டுக்காவலில் வைத்ததும் மெய். அவ்வழக்கில் தவறு நேர்ந்ததென்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஏற்றுக்கொண்டது 1992 ஒக்ரோபர் 31 இல். திருச்சபைக்காக வழக்காடவேண்டிய தேவை எனக்கில்லை; நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். நடந்த கொடுமைகளே போதியளவு இருக்க, நடவாத கொலையொன்றை ஏன் சேர்க்கவேண்டும் என்பதே என் கேள்வி. இல்லாத கொலையைச் சேர்த்தால், அது பொய்யென்று தெரியவரும் நாளில் உள்ள கொலையையும் உலகம் சந்தேகிக்கும்.

பெர்னினியின் செய்தி இன்னும் சுவையானது. நாவலில் இவர் விஞ்ஞானிகளின் இரகசிய சங்கத்துக்குச் சிலை வடிக்கும் ஒற்றர். மெய்யான பெர்னினியோ மிகுந்த பக்திமான். அவருக்குப் பேராதரவு அளித்தவர் பாப்பரசர் எட்டாம் உர்பான். கலிலியோவை விசாரணைக்கு நிறுத்திய பாப்பரசரும் அவரேதான்! அதே உர்பான், கர்தினாலாக இருந்த காலத்தில் கலிலியோவைப் புகழ்ந்து கவிதையும் எழுதியவர். நண்பனாயிருந்தவர் நீதிபதியான இந்தச் சரித்திரத்தை நாவலாசிரியர் எடுத்தாளாமல் விட்டது எனக்கு வியப்பே. நாவலில் கர்தினால் ஒருவர் நீரில் அமிழ்த்தப்படும் நவோனாச் சதுக்கத்து நீரூற்று 1651 இல் பெர்னினி முடித்தது. நான்கு கண்டங்களின் நான்கு நதிகள் அங்கே மனித உருவில் வீற்றிருக்கின்றன. ஆசியாவுக்காக அமர்ந்திருப்பது எமது கங்கை, கையிலே துடுப்புடன். உரோமாபுரிக்குச் செல்வோர் பார்க்கத் தவறவேண்டாம்.

இனி எதிர்ப்பொருள். இதனைக் கற்பனையென்றே நான் நினைத்திருந்தேன். கலைப் பட்டதாரியின் அறியாமை. மாணவிதான் எனக்குப் படிப்பித்தாள். ஒவ்வொரு துகளுக்கும் அதே திணிவும் எதிரான மின்னேற்றமும் கொண்ட இணைத்துகள் ஒன்று உண்டு. டிராக் என்ற ஆங்கிலேயரின் 1928 ஆம் ஆண்டுச் சமன்பாட்டிலிருந்து இதற்கான எதிர்வுகூறல் பிறந்தது. 1932 இல் அண்டர்சன் என்ற அமெரிக்கர் இலத்திரனின் எதிர்த்துகளான பொசித்திரனைக் கண்டறிந்தார். சேர்னில் 1995 இல் ஒன்பது எதிர் ஐதரசன் அணுக்கள் ஆக்கப்பட்டன. ஒன்பது கிராம் அன்று, ஒன்பதே அணுக்கள். பொருளும் எதிர்ப்பொருளும் தொட்டுக்கொண்டால் இரண்டும் அழிந்து முற்றாகச் சக்தியாகிவிடும். கால் கிராம் எதிர்ப்பொருள் அவ்வாறு அழிந்தால், ஏறத்தாழ 10 கிலோதொன் வெடிமருந்தின் வேகம் பிறக்கும். ஹிரோஷிமாக் குண்டு ஏறத்தாழ 15 கிலோதொன். ஆகவே நாவலின் அச்சம் கணக்களவில் நியாயமானதே.

ஆனால் அந்தக் கால் கிராமை ஆக்குவது எங்ஙனம்? சேர்ன் இதுவரை ஆக்கிய எதிர்ப்பொருள் முழுவதையும் ஒருங்கே சேர்த்து அழித்தாலும், ஒரு மின்குமிழைச் சில நிமிடங்கள் எரிப்பதற்கே போதுமானது என்று அந்நிறுவனமே விளக்கியிருக்கிறது. இந்த வேகத்தில் கால் கிராம் சேர்வதற்குப் பலநூறு கோடி ஆண்டுகள் வேண்டும். நாவலில் பேராசிரியரை ஒரே மணித்தியாலத்தில் பொஸ்ரனிலிருந்து ஜெனீவாவுக்குக் கொணரும் விமானமும் சேர்னிடம் இல்லை. அங்கு செல்வோர் ஜெனீவாப் புகையிரத நிலையத்திலிருந்து 18 ஆம் இலக்க ட்ராம் வண்டியில் செல்கின்றனர்.

எதிர்ப்பொருள் நாம் அறியாமலே எமது வாழ்வில் இருக்கிறது. புற்றுநோயைக் கண்டறிய இங்குள்ள மருத்துவமனைகளில் ‘பெற் ஸ்கான்’ எடுக்கிறார்கள். கதிரியக்கம் கொண்ட புளோரீன் கலந்த, சீனியை ஒத்த ஒரு திரவத்தை நோயாளியின் நரம்பில் ஏற்றுகின்றனர். அதிலிருந்து வெளிப்படும் பொசித்திரன்கள் உடலின் இலத்திரன்களோடு சேர்ந்து அழியும்போது தோன்றும் கதிர்களே திரையில் படமாகின்றன. என் உறவினர் ஒருவருக்கு இச்சோதனை நடந்தபோது நான்தான் மொழிபெயர்ப்பாளராக உடன் சென்றிருந்தேன். அப்போது இதனை அறிந்திருந்தால் அவருக்கு விளக்கியிருப்பேன். அவர் கணித ஆசிரியர், மகிழ்ந்திருப்பார். வாழைப்பழத்திலுள்ள பொற்றாசியமும் ஒன்றிரண்டு மணித்தியாலங்களுக்கு ஒரு பொசித்திரனை வெளியிடுகிறதாம். வகுப்பில் இதைச் சொன்ன நாளிலிருந்து இடைவேளையில் வாழைப்பழம் கொண்டுவரும் சிறுவன் ‘குண்டுக்காரன்’ ஆகிவிட்டான்.

நாவலில் என் மனத்தை அதிகம் தொட்ட பாத்திரம் தொடக்கத்திலேயே இறந்துபோகும் அந்தக் குருவானவர். விஞ்ஞானத்தால் தெய்வத்தின் படைப்பை நிரூபிக்க முனைந்தவர் அவர். மெய்யுலகில் அத்தகைய ஒருவர் வாழ்ந்தார். நாவலிலும் ஓரிடத்தில் அவர் பெயர் வந்துபோகிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் லுமெற்ர். முதலாம் உலகப் போரில் படைவீரர். 1923 இல் குருப்பட்டம் பெற்றார். பின்னர் பௌதிகவியற் பேராசிரியர். பிரபஞ்சம் விரிந்துகொண்டே செல்கிறது என்று 1927 இல் எழுதினார். அவருடைய கணிதத்தை ஏற்ற ஐன்ஸ்ரைன் முடிபை ஏற்கவில்லை. பின்னோக்கிச் சென்றால் எல்லாம் ஒரே ஆதி அணுவில் முடியவேண்டும் என்று 1931 இல் லுமெற்ர் வாதிட்டார். ‘பெருவெடிப்பு’ என இன்று பாடநூல்களில் உள்ள கொள்கையின் வித்து அதுவே.

1951 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இக்கொள்கையைச் சுட்டி, வேதாகமம் கூறும் படைப்புக்கு விஞ்ஞானம் சாட்சி கூறுவதாக உரையாற்றினார். குருவானவராகிய லுமெற்ர் மகிழ்ந்திருக்க வேண்டுமல்லவா? அவர் கலங்கினார். தமது கொள்கை விஞ்ஞானக் கொள்கை. நாளை புதிய சான்று வந்தால் அது மாறலாம். அதன் மேல் விசுவாசத்தைக் கட்டினால் இரண்டும் சரியும் என்பது அவர் நிலைப்பாடு. பாப்பரசரின் விஞ்ஞான ஆலோசகருடன் அவர் இதுபற்றிக் கலந்துரையாடினார். மறு ஆண்டு வானியலாளர் மாநாட்டில் பாப்பரசர் அவ்வாறு பேசவில்லை. 1966 இல், மரணப் படுக்கையில் இருந்தபோது, ஆதி வெடிப்பின் எச்சமான கதிர்வீச்சு கண்டறியப்பட்ட செய்தி லுமெற்ருக்கு எட்டியது. சமயத்தையும் விஞ்ஞானத்தையும் ஒருசேர நெஞ்சில் வைத்திருந்தும் ஒன்றை மற்றதற்குச் சாட்சியாக அழைக்க மறுத்த மனிதர். இவரை வைத்துத் திடுக்கிடும் நாவல் எழுத இயலாதுதான்.

லுமெற்ரைப் பற்றிப் படிப்பித்த கையோடு, அம்மாணவியையும் வேறு ஆறு பிள்ளைகளையும் பெற்றோர் இருவருடன் சேர்னுக்கு அழைத்துச் சென்றேன். பொதுமக்களுக்காக 2023 இல் திறக்கப்பட்ட கண்காட்சி மண்டபத்துக்கு அனுமதி இலவசம். எம் போன்ற குடும்பங்களுக்கு இது பெரிய உபகாரம். பிள்ளைகள் தேடிச் சென்றது இன்னொன்றையும். அந்த வளாகத்தினுள் இரண்டு மீற்றர் உயரமான நடராசர் சிலை ஒன்று நிற்கிறது. இந்திய அரசின் அன்பளிப்பாக 2004 யூன் 18 ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டது. ஆகையால் 2000 ஆம் ஆண்டு நாவலில் அதற்கு இடமில்லை. அதன் பீடத்தருகே உள்ள தகட்டில், ஆடல்வல்லானைப் பற்றி எழுதிய ஆனந்த குமாரசுவாமியின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. கொழும்பில் 1877 இல் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர். கலைக்கு வருமுன் புவிச்சரிதவியல் அறிஞராக இலங்கையின் கனிமங்களை ஆராய்ந்தவர். எமக்கு வழிகாட்டியுடன் உள்ளே செல்லும் வாய்ப்புக் கிட்டவில்லை. சிலையைப் படத்தில் மாத்திரம் கண்டு திரும்பினோம்.

வண்டியிற் பேச்சு அதைப் பற்றியதாகவே இருந்தது. உடன்வந்த தந்தையொருவர், “பார்த்தீர்களா, சிவதாண்டவம்தான் அணுவிஞ்ஞானம் என்று வெள்ளைக்காரரே ஒப்புக்கொண்டு சிலை வைத்துவிட்டார்கள்” என்றார். அவருடைய பெருமிதம் எனக்கு விளங்காமலில்லை. ஆயினும் அது ஓர் அரசு கொடுத்த அன்பளிப்பு; துகள்களின் இடையறாத ஆக்கத்துக்கும் அழிவுக்கும் அழகிய உவமை; நிரூபணம் அன்று. இதே சிலைக்கு முன்னால், 2016 இல், கறுப்பு அங்கி அணிந்த சிலர் நரபலி கொடுப்பதாக நடித்த விளையாட்டுக் காணொளி ஒன்று பரவியது. அது வெறும் கேலிக்கூத்து. சேர்ன் நிர்வாகம் அதுபற்றி விசாரணையும் நடத்தியது. ஆயினும் விஞ்ஞானிகள் பேய்க்குப் பூசை செய்கிறார்கள் என்று அதை நம்பியோர் உலகில் பலர். ஒருவருக்கு எமது பெருமையின் சான்று. இன்னொருவருக்குப் பேய் வழிபாட்டின் சான்று. இருசாராரும் சிலையின் முன்பக்கத்தில் ‘உண்மை’ என்று தாமே எழுதிக்கொண்டார்கள். தந்தை சற்று நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்திருந்தார். பின்னர், “அப்ப லுமெற்ர் சொன்னதுதான் எங்களுக்கும்” என்று மெல்லச் சொன்னார்.

மாணவி அதையும் கொப்பியில் எழுதினாள். மூன்று பத்திகளும் ஏறத்தாழ நிறைந்துவிட்டன. அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து, “ரீச்சர், கலிலியோ பைசாக் கோபுரத்தில் இருந்து கல்லுகளைப் போட்டுக் காட்டினார் என்று நீங்கள் போன வருடம் சொன்னீர்கள். அது எந்தப் பத்தி?” என்று கேட்டாள். ஊரில் எத்தனையோ வகுப்புகளுக்கு நான் அபிநயத்தோடு சொல்லிக் கொடுத்த கதை அது. தேடிப் பார்த்தேன். கலிலியோவின் மாணவர் விவியானி, குருவின் மறைவுக்குப் பின் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் அச்செய்தி வருகிறது. வரலாற்றாசிரியர் பலர் அதனை ஐயுறுகின்றனர். விசாரணை முடிந்து எழுந்தபோது, “ஆயினும் அது அசைகிறது” என்று அவர் முணுமுணுத்ததாக நான் குரலைத் தாழ்த்திச் சொல்லி வந்ததோ, 1757 இல் இலண்டனில் வெளியான ஒரு நூலிலேயே முதன்முதலில் அச்சேறியது. கலிலியோ மறைந்து 115 ஆண்டுகளின் பின்னர்.

கோபுரத்தை மூன்றாவது பத்தியிலும், முணுமுணுப்பை இரண்டாவதிலும் அவள் எழுதிக்கொண்டாள். அடைப்புக்குறிக்குள் ‘ரீச்சர் சொன்னது’ என்றும் சேர்த்தாள். கொப்பியை நான் வாங்கிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.